சிந்தாமணி டீச்சரும் ஐந்து நீலச் சாசர்களும்

விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டுக்குள் நுழைந்து சக்கரபாணி யூனிட் எது என்று கேளுங்கள். டீக்கடைக்காரர் கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு வழி காட்டுவார். மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மண் மூட்டை சுமந்தேன். சூளையில் கூலி வேலை பார்த்தேன். பிறகு அந்தச் சூளையையே விலைக்கு வாங்கினேன். என் கப்பில் டீ குடிக்காத கல்யாண வீடு இந்தச் சுற்று வட்டாரத்தில் இருந்தால் வந்து சொல்லட்டும்.

ஆனால் இங்கே என்னைப் பற்றி எழுத வரவில்லை. என் யூனிட்டின் பேக்கிங் ரூமில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் சிந்தாமணியைப் பற்றித்தான் எழுதுகிறேன். இடம் கொடுத்தவன் நான் என்பதால் முதல் பாராவில் நான் வந்துவிட்டேன், அவ்வளவுதான்.

சிந்தாமணிக்குச் சொந்த ஊர் கருவேப்பிலங்குறிச்சி. அப்பா விவசாயம். இங்கே ஆர்ட்ஸ் காலேஜில் இங்கிலீஷில் பி.ஏ. படித்தாள். படித்து முடித்ததும் சென்னையில் ஒரு கம்பெனிக்கு இன்டர்வியூ போனாள். உன்னைப் பற்றிச் சொல் என்று கேட்டிருக்கிறார்கள். கைடில் மனப்பாடம் செய்ததை அப்படியே ஒப்பித்திருக்கிறாள்: என் அப்பா இருபது வருஷமாக பேங்கில் வேலை பார்த்து வருகிறார் என்று. கேட்டவர் சிரித்த முகத்தோடு, எந்த பேங்க், எந்த பிராஞ்ச் என்றாராம். இவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அப்பா வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த நேரம் அது.

"அன்னிக்கு முடிவு பண்ணேன் மொதலாளி. இனிமே இங்கிலீஷ்ல பொய் சொல்ல மாட்டேன். யாருக்கும் பொய் சொல்லித் தரவும் மாட்டேன்" என்பாள்.

பிறகு கல்யாணம் ஆகி விருத்தாசலத்துக்கே வந்துவிட்டாள். புருஷன் கொளஞ்சியப்பன் லாரி டிரைவர். எங்கள் எஸ்டேட் சரக்கை குஜராத் வரைக்கும் கொண்டுபோகிறவன். அவனைப் போல வாய் ஓயாத ஆளை நான் பார்த்ததில்லை. டோல்கேட்டுக்கு டோல்கேட் பொண்டாட்டிக்கு போன் போடுவான். வகுப்பு நடந்துகொண்டிருக்கும், இவள் போனை எடுத்து, "கிளாஸ்ல இருக்கேங்க" என்பாள். அவன், "சரி சரி, ஒண்ணுமில்ல, இங்க ஒரு ஓட்டல்ல உப்புமா கல்லு மாதிரி இருந்துச்சு, அதச் சொல்லலாம்னுதான்" என்பான். பெண்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

வகுப்பு சாயங்காலம் நாலு மணிக்கு. வருகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். நர்ஸ் வேலைக்குப் போக நினைப்பவர்கள், பிரைவேட் ஸ்கூலில் டீச்சராக நினைப்பவர்கள், என் யூனிட்டில் சாசருக்கு நீலக் கோடு போடும் துர்கா. மங்கலம்பேட்டையிலிருந்து பஸ் ஏறி வருகிற இருவரும் உண்டு. ஒருத்தி மஹிரா. புருஷன் அங்கேயே ஜவுளிக்கடை, சாயங்காலம் வந்து டூவீலரில் கூட்டிப் போவான். இன்னொருத்தி நசீம் பானு. அவள் புருஷன் அப்துல்லா குவைத்தில் இருக்கிறான். மாமனார் ஜமால் முகம்மது பாய், மங்கலம்பேட்டையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். என்னோடு பல வருஷப் பழக்கம். மருமகள் இங்கிலீஷ் பேசினால் அங்கே ஒரு ஸ்கூலில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். டீச்சர் உத்தியோகம் மரியாதையானது என்று பாய் அனுப்பிவைத்தார்.

சிந்தாமணி பாடம் நடத்தும் விதமே தனி. கரும்பலகை கிடையாது. ஒரு தடவை சுட்டு, கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சு பூசாமல் வைத்திருக்கும் சாசர்களை நாங்கள் பிஸ்கட் என்போம். அதில் வளைந்தது, உடைந்தது கூடையில் கிடக்கும். அதை எடுத்து பென்சிலால் எழுதுவாள். ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். ஒரு வாக்கியத்தை ஒரே சாசரில் எழுத மாட்டாள். துண்டு துண்டாக, ஒரு சாசருக்கு ஒரு துண்டு.

நான் எடைத் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு இங்கிலீஷ் வராது. ஆனால் ஒரு வேலை எப்படி நடக்கிறது என்பது பார்த்தால் பிடிபடும், அது பிறவிக் குணம். தமிழில் எங்கே, யாரோடு, எப்போதிலிருந்து என்று எல்லாவற்றையும் அடுக்கிவிட்டுக் கடைசியில்தான் என்ன செய்தான் என்று சொல்கிறோம். இங்கிலீஷ்காரன் அதை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறான். பிறகு வாலாகக் கோத்துக்கொண்டே போகிறான். சூளை வண்டியில் நாம் உள்பக்கத்திலிருந்து அடுக்கினால், அவன் கதவுப் பக்கத்திலிருந்து அடுக்குகிறான். இரண்டு வண்டியும் நிறையத்தான் செய்கிறது.

அதிலும் ஹேவ், ஹேஸ் என்று தொடங்குகிற ஒரு காலம் இருக்கிறது. நடந்தது நேற்றோடு போய்விடவில்லை, அதன் சூடு இன்னும் இருக்கிறது என்று சொல்கிற காலம். சூளையை அணைத்த பிறகும் கதவில் கை வைக்க முடியாதே, அந்த மாதிரி. இந்தக் காலத்துக்கு எந்த வால் ஒட்டும், எது ஒட்டாது என்பதைத்தான் அவள் வாரக்கணக்கில் நடத்துவாள். ஃபார் ஒட்டும், சின்ஸ் ஒட்டும், எஸ்டர்டே வந்தால் சாசரைத் தட்டிவிடுவாள்.

"வால் இல்லாத வாக்கியம் பொய் சொல்லத் தோதானதும்மா" என்பாள். "நான் வேலை பாத்திருக்கேன்னு யார் வேணா சொல்லலாம். எங்க, யார்கிட்ட, எப்பலேருந்துன்னு வாலை மாட்டிப் பாரு. பொய்யா இருந்தா அங்கதான் மாட்டிக்குவ. அதனால உன் சொந்த வாழ்க்கையில இருக்குறத மட்டும் சொல்லு."

இப்படிச் சொல்லச் சொல்ல ஒரு விஷயம் நடந்தது. நான் எதிர்பார்க்கவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. வீட்டில் வாய் திறக்காத பெண்கள் இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்தார்கள். தமிழில் சொன்னால் அழுகை வரும், வெட்கம் வரும். இங்கிலீஷில் சொன்னால் கணக்குப் போடுகிற மாதிரி இருக்கிறது. துர்கா தன் மாமியார் வாய்க்கு ருசியாக ஒன்றும் சமைக்க விட்டதில்லை என்று ஆறு சாசரில் அடுக்கினாள். எல்லோரும் சிரித்தார்கள். அந்த அறையில் சொன்னது அந்த அறையோடு. சாசரைத் துடைத்தால் முடிந்தது.

கார்த்திகை மாதம். நல்ல மழை, கரண்டும் இல்லை. அன்று நசீம் பானுவின் முறை. ரிஜெக்ட் கூடை நனைந்து கிடந்ததால் சிந்தாமணி நல்ல அடுக்கிலிருந்து ஐந்து சாசர் எடுத்துக்கொண்டாள். மங்கிய வெளிச்சத்தில் பென்சில் எழுத்துத் தெரியவில்லை. கோடு போடும் மேஜையிலிருந்து நீலத்தையும் பிரஷ்ஷையும் எடுத்து, நசீம் சொல்லச் சொல்ல எழுதினாள். சுடுவதற்கு முன்னால் அதுவும் கழுவினால் போகிற நீலம்தான்.

மை ஹஸ்பெண்ட். ஹேஸ் நாட் ஸ்போக்கன். டு மீ. ஆன் த ஃபோன். சின்ஸ் பக்ரீத்.

நசீம் ஐந்தையும் வரிசையாக வைத்தாள். சரியாக வைத்துவிட்டாள். யாரும் சிரிக்கவில்லை. பக்ரீத்திலிருந்து அப்துல்லா போனில் பேசவில்லை என்று எனக்கு மஹிராதான் மெதுவாகத் தமிழில் சொன்னாள். ஜமால் பாய் என்னிடம், "பையன் வாரம் தவறாம பேசுறான் மொதலாளி" என்று போன வாரம்தான் சொல்லியிருந்தார்.

"ரிங் போவுது டீச்சர். எடுக்க மாட்டேங்குறாரு" என்றாள் நசீம். "மாமாவும் மாமியும் வெளியாளுங்ககிட்ட, அவன் பேசுறான்னுதான் சொல்றாங்க. நான் வெளிய சொல்லிட்டேன்னு தெரிஞ்சா, குடும்ப மானத்த வாங்கிட்டேன்னு புள்ளையோட திட்டக்குடிக்கு அம்மா வூட்டுக்கு அனுப்பிடுவாங்க. ஸ்கூல் வேலையும் போச்சு."

அதற்குள் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. மழையில் அடுத்த பஸ் வருமோ வராதோ என்று பெண்கள் ஓடினார்கள். சிந்தாமணி குடையைப் பிடித்துக்கொண்டு அவர்களை ரோடு வரை விடப் போனாள். சாசர்கள் பெஞ்சிலேயே இருந்தன.

மறுநாள் காலையில் கருப்பன் வந்தான். கிளேஸில் முக்குவது அவன் வேலை. பெஞ்சில் இருந்ததையும் அடுக்கோடு சேர்த்து முக்கிவிட்டான். கிளேஸ் என்பது சுடுவதற்கு முன்னால் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக எல்லாவற்றையும் மூடிவிடும். சூளைக்குள் போய் உருகினால்தான் கண்ணாடியாகி அடியில் இருப்பதைக் காட்டும். பிறகு அந்த நீலம் உலகம் உள்ளவரைக்கும் அழியாது. அதுவும் என் யூனிட் நீலம்.

வெளியே வந்ததையாவது யாரும் பார்க்கக் கூடாதா என்று கேட்பீர்கள். செராமிக்காரன் சாசரைக் கண்ணால் சோதிக்க மாட்டான், காதால் சோதிப்பான். தட்டினால் மணி மாதிரி சத்தம் வந்தால் நல்லது, தகரம் மாதிரி வந்தால் கீறல். என் பேக்கிங் ஆட்கள் அடுக்கை எடுத்து டங் டங் என்று தட்டி, வைக்கோலில் சுற்றி, ஆறு ஆறாகப் பெட்டியில் போட்டுவிட்டார்கள். ஓரத்தில் நீலக் கோடு உள்ள ஆர்டர் அது, உள்ளே நீலம் தெரிந்தால் யார் சந்தேகப்படுவார்கள்? அந்தப் பெட்டி போன இடம்தான் விதி. ஜமால் பாய் தன் மகள் நிச்சயதார்த்தத்துக்கு என்னிடம் ஆர்டர் கொடுத்திருந்தார்.

நிச்சயதார்த்தம் முடிந்த மறுநாள் நசீம் பானு வகுப்பு நேரத்துக்கு முன்பே வந்து நின்றாள். முகத்தில் ரத்தம் இல்லை.

"டீச்சர், அஞ்சு சாசரும் எங்க வூட்டுக்கு வந்திருச்சு" என்றாள்.

சமையல்கட்டில் கழுவிய பெண்கள் கம்பெனி பெயர் என்று நினைத்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா டீ குடிக்கக் கப்பைத் தூக்கியிருக்கிறார். கீழே டு மீ என்று இருந்திருக்கிறது. "எனக்குன்னு பேரு போட்டே குடுத்துருக்காங்க" என்று அவர் சிரிக்க, பாயின் தங்கை மகன் அசீம், இன்ஜினியரிங் படிக்கிறவன், மற்ற கப்புகளையும் தூக்கிப் பார்த்திருக்கிறான். சீட்டுக்கட்டு மாதிரி மேஜையில் மாற்றி மாற்றி அடுக்கி, கடைசியில் சரியாக வைத்து உரக்கப் படித்துவிட்டான். சபை முழுக்கச் சிரிப்பு. பாயும் பாயின் வீட்டம்மாவும் மட்டும் சிரிக்கவில்லை. நசீம் மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"என்னய யாரும் ஒண்ணும் கேக்கல டீச்சர். கேக்காததுதான் பயமா இருக்குது. இப்ப மாமா இங்க வர்றாங்க."

அவள் சொல்லி வாய் மூடவில்லை, பாய் பெட்டியோடு உள்ளே வந்துவிட்டார்.

"வாங்க பாய்" என்றேன்.

"வரேன் மொதலாளி." பெட்டியைப் பிரித்து ஐந்து சாசரையும் பெஞ்சில் வைத்தார். "உங்க சரக்குல குறை சொல்ல இத்தன வருஷத்துல நான் வந்ததில்ல."

"கருப்பா!" என்று கத்தினேன். கருப்பன் கிளேஸ் கையோடு வந்து எட்டிப் பார்த்தான்.

"டிசைன்னு நெனச்சேன் மொதலாளி. துர்கா புதுசா போட்டுருக்குது போலன்னு..."

"டிசைனாடா இது?"

"எனக்கு என்னா தெரியும், பாக்க நல்லாத்தான் இருந்துச்சு."

பாய் அவனைப் பார்க்கவில்லை. சிந்தாமணியைப் பார்த்தார். "யாரு எழுதுனதும்மா இது?"

"நான் எழுதுனது பாய்."

"கையெழுத்து உங்களுதுன்னு தெரியுது. யாரு சங்கதின்னு கேக்குறேன். இங்க பொய் எழுத மாட்டீங்களாமே. என் மருமகளே வீட்டுல பெருமையா சொல்லும்." ஒரு விரலைக் கடைசிச் சாசரின் மேல் வைத்தார். "பக்ரீத்துன்னு போட்டுருக்குதே."

வால்தான் மாட்டிக்கொடுத்தது. வகுப்பில் பக்ரீத் கொண்டாடுகிறவர்கள் இரண்டே பேர், அதில் ஒருத்தியின் புருஷன் தினமும் கேட்டில் வந்து நிற்கிறான். நசீம் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என் சங்கதிதான் பாய்" என்றாள் சிந்தாமணி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொளஞ்சியப்பன் காலையில்தான் நாசிக்கிலிருந்து போன் போட்டு வெங்காய விலை சொன்னான்.

"எங்க வூட்டுக்காரரு லாரில போறவரு. பக்ரீத் அன்னிக்கு லீவுன்னு வூட்டுல இருந்தாரு. அன்னிக்கு எங்களுக்குள்ள ஒரு சண்ட. அதுலேருந்து போன்ல எங்கிட்ட பேசுறதில்ல. வகுப்புல உதாரணத்துக்கு எழுதுனேன், கழுவ மறந்துட்டேன். உங்க வூட்டு விசேஷத்துல இப்படி ஆயிடுச்சு, மன்னிச்சுக்குங்க."

பாய் ஐந்து சாசரையும் ஒரு ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு நசீமைப் பார்த்தார். "நான் அப்பவே சொன்னேன், நம்ம வூட்டுச் சங்கதியா இருக்காதுன்னு. அப்துல்லாதான் வாரா வாரம் பேசுறானே. இல்லியாம்மா?"

"ஆமாங்க மாமா" என்றாள் நசீம்.

அந்த அறையில் சொல்லப்பட்ட முதல் பொய் சிந்தாமணியுடையது. இரண்டாவது இது.

பாய் கிளம்பினார். வாசல் வரை போனவர் திரும்பி வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார், சிந்தாமணிக்கும் எனக்கும் மட்டும் கேட்கிற அளவுக்கு.

"ஏம்மா, பக்ரீத்திலேருந்து பேசலேன்னீங்களே. நீங்க போன் போட்டுப் பாத்தீங்களா? ரிங் போவுதா?"

சிந்தாமணி அவர் முகத்தைப் பார்த்தாள். "ரிங் போவுது பாய். எடுக்கல."

"ஆமா" என்றார் பாய். "ரிங் போவுது." மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

நசீம் தப்பித்தாள். வகுப்புக்கும் தடை இல்லை. ஆனால் அசீம் சும்மா இருப்பானா? போட்டோ எடுத்து வைத்திருந்தான். டீச்சரே எழுதியதாம் என்ற பேச்சு மங்கலம்பேட்டையிலிருந்து பஸ் ஏறி எங்கள் லாரி ஸ்டாண்டில் இறங்கிவிட்டது. கொளஞ்சியப்பன் வண்டியை நிறுத்திக் கதவைத் திறப்பதற்குள் மற்ற டிரைவர்கள் சுற்றிக்கொண்டார்கள்.

"என்னா கொளஞ்சி, வூட்டுல பேசுறதே இல்லியாமே? ஸ்டாண்டுல மட்டும் வாய் கிழியுது?"

"பாவம்டா, உன் பொண்டாட்டி சாசர்ல எழுதி ஊர் ஊரா அனுப்புது. ஒரு வார்த்த பேசுனா என்னாடா?"

அவன் நேராக பேக்கிங் ரூமுக்கு வந்தான். லுங்கியில் கிரீஸ், கண்ணில் தூக்கம்.

"நான் பேசாம இருந்தேனா?" என்றான்.

"இல்லீங்க."

"அப்ப ஏன் எழுதுன?"

"உதாரணத்துக்குங்க."

"உதாரணத்துக்கு நாந்தான் கெடச்சனா? பொய் எழுத மாட்டேன்னு ஊரெல்லாம் சொல்லுவியே. எனக்கு மட்டும் பொய்யா?"

அவள் கூடையிலிருந்து ஒரு சாசரை எடுத்துத் துடைத்தாள். நான் வாயைத் திறந்தேன். அவள் கண்ணாலேயே என்னை அடக்கினாள். முதலாளியை அப்படி அடக்கிய ஆள் இந்த எஸ்டேட்டில் வேறு யாரும் கிடையாது. அவன் போன பிறகு, "அவருகிட்ட சொன்னா அடுத்த டோல்கேட்டுல சொல்லிடுவாரு மொதலாளி. மனசுல ஒண்ணையும் வச்சிக்கத் தெரியாது. நசீம் பொழப்பு போயிடும்" என்றாள்.

அது பொங்கல் சமயம். அன்றிலிருந்து கொளஞ்சியப்பன் அவளுக்கு போன் போடவில்லை. வீட்டுக்கு வந்தால் சோறு சாப்பிடுவான், பணத்தை அலமாரியில் வைப்பான், போவான். வகுப்பு நேரத்தில் மேஜை மேல் அவள் போன் சும்மா கிடக்கும். உப்புமா கல்லாக இருந்ததா, மழை பெய்ததா, ஒன்றும் தெரியாது. பெண்களும் முன்பு மாதிரி இல்லை. சொந்தச் சங்கதியைச் சொல்லு என்றால், எங்கள் ஊரில் ஆறு ஓடுகிறது, எங்கள் தெருவில் ஸ்கூல் இருக்கிறது என்று பிழையில்லாமல் சொல்கிறார்கள். அவளும் திருத்தாமல் கேட்டுக்கொள்கிறாள்.

இதை நான் இப்போது எழுதக் காரணம், மூடி வைக்க இனிமேல் ஒன்றும் இல்லை. நசீம் பானு அந்த ஸ்கூலில் சேர்ந்துவிட்டாள். மகள் கல்யாணம் முடிந்த பிறகு ஜமால் பாயே ஊர்க்காரர்கள் நடுவில், பையன் பேசுவதில்லை, குவைத்தில் உள்ள நம் ஆட்கள் விசாரியுங்கள் என்று வாய்விட்டுச் சொன்னார். விசாரித்ததில் ஆள் நலமாக இருக்கிறான், வேறு கம்பெனி மாறியிருக்கிறான். ஏன் பேசவில்லை என்று மட்டும் அவனும் சொல்லவில்லை. "டீச்சர் செஞ்சத எழுதுங்க, என் பேரையும் போட்டே எழுதுங்க" என்று நசீம்தான் சொன்னாள்.

கொளஞ்சியப்பனிடமும் நானே சொல்லிவிட்டேன். எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே கேட்டான்.

"அப்ப உங்களுக்குத் தெரியும். அந்த துர்காவுக்குத் தெரியும். கட்டுன எனக்குத்தான் தெரியக் கூடாது. அப்படித்தான மொதலாளி?"

லாரிக் கதவிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன். ஒரு டிரைவருக்கு நான் வழி விட்டு நின்றது அதுதான் முதல் தடவை.

நேற்று வகுப்பு முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். சிந்தாமணி சாசர்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்தாலும் போகாத அந்த ஐந்தும் ஜன்னலில் அடுக்கியபடி இருக்கின்றன. உடைத்துப் போடு என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். "இப்ப அது உண்மைதான மொதலாளி. பண்டிகைப் பேரு மட்டுந்தான் வேற. உண்மையை எதுக்கு ஒடைக்கணும்?" என்கிறாள்.

"போன் போட்டுப் பாத்தியா?" என்று கேட்டேன்.

"ரிங் போவுது மொதலாளி."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் போனை எடுத்துக் கொளஞ்சியப்பனுக்கு அடித்தேன். நான் அடித்தால் எடுக்காத டிரைவர் இந்த ஊரில் கிடையாது. இரண்டாவது ரிங்கில், "சொல்லுங்க மொதலாளி" என்றான். ஒன்றும் பேசாமல் போனை அவள் கையில் திணித்தேன்.

அவள் காதில் வைத்தாள். வாய் திறக்கவில்லை. அந்தப் பக்கமும் யார் என்று புரிந்திருக்க வேண்டும், சத்தம் நின்றுவிட்டது. எங்கோ ஓட்டலில் வண்டியை நிறுத்தியிருக்கிறான் போல. புரோட்டாக் கல்லில் கரண்டி கொத்துகிற சத்தம் எனக்கே கேட்டது. ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போனது. அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

அவன் பேசவில்லை. கட் பண்ணவும் இல்லை.

நான் வெளியே வந்து சூளைக் கதவு ஆறிவிட்டதா என்று பார்க்கப் போய்விட்டேன்.